தொடரில் ஓர் அடுப்பு

கெமியில் கடல் உறைந்துவிட்டது. மைனஸ் இருபத்தாறு.
இல்போ கொட்டகையில்.
நான் அடுத்த அறையில், சௌனாவின் மேல்பலகையில்.
நடுவே ஒரு மரச்சுவர், ஒரு தடித்த வயர்.

போன வாரம் நேராகப் பிளக்கில் சொருகினான்.
டிரான்ஸ்ஃபார்மர் ஒரே ஒரு தரம் உறுமியது,
வீடே இருண்டது,
மீன் சூப் பாதி வேக்காட்டில் நின்றது.
"முதல் நொடியில் அதற்கு அகோரப் பசி" என்றான்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்,
என்னவோ தன் பிள்ளையைச் சொல்வதுபோல.

அதனால் இந்த ஏற்பாடு:
சுழியத்திலிருந்து மெல்லத் திருக ஒரு வேரியாக்,
அதோடு தொடராக, தடையாக,
எங்கள் சௌனா அடுப்பு.
மின்சாரம் இதன் வயிற்றுக்குள் புகுந்துதான்
அவனிடம் போயாக வேண்டும்.
மூன்று மீட்டர் தள்ளி நில்,
இடது கை பாக்கெட்டில்,
இது மட்டும் என் நிபந்தனை.

"நாற்பது!" சுவருக்கு அப்பால் கத்துகிறான்.
கல் ஜில்லென்றுதான் இருக்கிறது.
"எண்பது!"
கம்பளிச் சாக்ஸை நான் கழற்றவில்லை.
"நூற்றுப் பத்து."
இம்முறை கத்தவில்லை.
பிறகு எண் எதுவும் வரவில்லை.

பலகை இடுக்கில் ஊதா.
இரண்டு கம்பிகளுக்கிடையே ஏதோ ஏறி,
உச்சியில் அறுந்து,
மறுபடி அடியிலிருந்து ஏறும் சத்தம்.
இங்கே என் காலடியில்
தகரம் டிக், டிக்கென்று விரியத் தொடங்குகிறது.

மீட்டர் அவனிடம்தான் இருக்கிறது.
இருந்தும் என்னைக் கேட்கிறான்:
"எவ்வளவு போகுது?"

கல்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டேன்.
முதலில் சும்மா வழிந்தது.
பிறகு, ஓரத்தில் மட்டும், சுர்.

"இன்னும் கொஞ்சம் திருகு" என்றேன்.