ஆறு குறிச்சொற்கள்

செட்டிநாடு, பெண்கள் என்று தட்டினால்
முதல் பக்கம் முழுக்கக் கோழி வறுவல்.
அடுத்ததில் கண்டாங்கிச் சேலை,
இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.
மூன்றாவதில் விடுதியாகிவிட்ட ஒரு மாளிகை,
சன்னலுக்கொரு புகைப்படம்.

கழனிவாசலில் வாடகை அறை.
இரவு பதினொன்றுக்கு மேல்தான்
இணையம் கொஞ்சம் மூச்சு விடும்.
நான் தேடியது புதுவயல் ஆலைகளில்
நெல் அவித்த பெண்களை.
அம்மா இன்னும் அங்கேதான் களத்தில் நெல் கிண்டுகிறாள்.
அவளை எழுத முடியாது,
என் தலைப்பு 1940-இல் முடிந்துவிடுகிறது.

ஆலைகளைப் பற்றி நிறைய இருந்தது.
கொதிகலன் எந்தக் கப்பலில் வந்தது,
எத்தனை குதிரைத்திறன்,
முதலாளிக்குப் பர்மாவில் எத்தனை ஏக்கர்,
என்ன வட்டி.
ஒரு பெண்ணும் இல்லை.
நெல் தானாக வெந்தது போல,
தானாகக் காய்ந்து
தானாகவே மூட்டைக்குள் போய்ப் படுத்தது போல.

நூலகத்தில் ரஹ்மத் பானு சொன்னாள்:
"மரியாதையாத் தேடினா கிடைக்காதுடி.
அவங்க என்ன சொல்லால எழுதி வச்சாங்களோ
அதைப் போடு."

பெண் தொழிலாளர் என்பதை அழித்தேன்.
கூலிக்காரி என்று போட்டேன். பதினான்கு.
சாதிப் பெயரை, அந்தக் காலத்து எழுத்தில்,
வசவு போல ஒலிக்கும் அதே எழுத்தில்
போட்டேன். இருநூற்றுப் பதினொன்று.
விரல் விசைமேல் நின்றது.
தெருவில் அம்மாவை ஒருவன் அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்.
இப்போது நான்.

எழுபத்தாறாவதில்
கடலுக்கு அப்பால் ஒரு காப்பகத்தின்
விபத்துப் பதிவேடு.
1931. புதுவயல். கருப்பாயி.
வலக்கை முழங்கை வரை வெந்தது.
இழப்பீடு: விசாரணையில்.
அடுத்த பக்கம் பார்க்க முப்பத்தொன்பது டாலர்,
இருபத்து நான்கு மணி நேரத்துக்கு.
அம்மாவின் பத்து நாள் கூலி.

பெயரை மட்டும் போட்டுப் பார்த்தேன்.
இதைத்தான் தேடினீர்களா: கருப்பாய்?
கருப்பாய் மேகம், கருப்பாய் முடி வளர,
கருப்பாய்ப் பளபளக்கும் கவுனி அரிசி.
அது வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று
அறுபது பேர் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பதிவேட்டை அடிக்குறிப்பில் காட்டியிருந்த
ஒருத்திக்கு மின்னஞ்சல் போட்டேன்.
முகம் தெரியாது. நாடு கூடச் சரியாகத் தெரியாது.
ஒன்பதாம் நாள் நான்கு பக்கம் அனுப்பினாள்.
கீழே ஒரு வரி:
பன்னிரண்டு வருடமாக இந்தப் பெயரை
எழுதுகிறேன், சொல்லத் தெரியாது.
குரலில் அனுப்புவாயா?

முதல் தடவை பக்கத்து வீட்டு மிக்ஸி.
இரண்டாம் தடவை
வருகைப் பதிவேட்டை வாசித்தது போல் இருந்தது.
மூன்றாவது, தூரத்தில் போகும் யாரையோ
நிற்கச் சொல்லிக் கூப்பிட்டது போல.
அதை அனுப்பினேன்.

நான்கு பக்கத்தில் பதினொரு பெயர்.
விசாரணை முடிந்ததா என்று எதிலும் இல்லை.

இப்போது ஆய்வேட்டைப் பதிவேற்றும் படிவம்
கேட்கிறது: குறிச்சொற்கள், ஆறு மட்டும்.
கருப்பாயியை அவர்கள் எழுதிய
மூன்று விதத்திலும் போட்டால் மூன்று இடம் போய்விடும்.
சிட்டு, வெள்ளையம்மா, இடக்கண் போன பேச்சி
எங்கே நிற்பார்கள்?
அந்தச் சாதிச் சொல்லையும் போடவா?
எனக்குப் பின்னால் வருகிறவள்
அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்றால்?
போட்டேன். எடுத்தேன்.
மறுபடி போட்டேன்.

அதற்குள் அம்மாவின் அழைப்பு.
மேற்கே மின்னுதாம்,
களத்து நெல்லை மூட
இப்பவே வரச் சொல்லி ஆள் வந்திருக்காம்.
கையுறை இருக்கா என்று கேட்டேன்.
எதுக்குடி, என்றாள்.

பேசி முடித்துத் திரும்பினால் திரையில்:
உங்கள் அமர்வு காலாவதியானது.
நிரப்பியவை சேமிக்கப்படவில்லை.
மீண்டும் உள்நுழையவும்.