வெள்ளி மட்டும் போட்டால்

டிசம்பரிலேயே புதுக் காலண்டரைப் புரட்டி
சிவப்பு எழுத்துகளைக் கிழமையோடு உரசிப் பார்த்துவிடுவேன்.
இரண்டு ஞாயிற்றில் விழுந்து வீண்.
விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே வியாழனில்:
ஒரு லீவு நஷ்டம்.
ஆனால் புதன் ஆயுத பூஜை.
வெள்ளி மட்டும் போட்டால் ஐந்து நாள்.

கிண்டி ஆபீஸில்
அந்த வெள்ளிக்கு மூன்று பேர்.
தமயந்தி ஜனவரி இரண்டாம் தேதியே
மெயில் தட்டிவிட்டாள், ரயில் டிக்கெட்டையும் சேர்த்து.
ஷாஹிதாவுக்கு இந்தக் கவலை வேறு மாதிரி.
திங்களா செவ்வாயா, பிறை பார்த்துத்தான் சொல்வேன் என்றாள்.
படிவத்தில் பிறைக்குக் கட்டம் இல்லை.

என் கையிருப்பு
பைசா பைசாவாகப் போனது.
மகனுக்கு அம்மை, நான்கு.
வராத கேஸ்காரருக்கு ஒன்று.
தண்ணீர் லாரிக்கு அரை.

அக்டோபர் மூன்று, வெள்ளி.
கோடம்பாக்கத்தில் ஏறினேன்.
ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக
ஜன்னலோரம்.
சைதாப்பேட்டை தாண்டியதும் கீழே
அடையாறு, யாருடைய முழங்கையும் மறைக்காமல்.
நாற்றமும் முழுசாக வந்தது.

நாள் முழுக்கத் தமயந்தியின் போனை நான்தான் எடுத்தேன்.
நடுவில் ஒருமுறை
அடுத்த பொங்கல் என்ன கிழமை என்று பார்த்தேன்.

வியாழன்.
புதன் போட்டால் போகியிலிருந்தே.

ஷாஹிதாவிடம்கூடச் சொல்லவில்லை.