ஓடுவது வெள்ளை

சீட்டில் ஒரே வரி:
சூடான களியை ஊதும்போது இடக்கை விழுகிறது.
யுவஸ்ரீ, வயது ஏழு, பாலக்கோடு பக்கம்.

கொலுசைக் கழற்றினேன், தோட்டை,
பாவாடையில் குத்தியிருந்த ஊக்கை,
கடைசியில் அரைஞாணில் கோத்த தாயத்தை.
மற்றதெல்லாம் சட்டைப் பைக்குள் போட்ட அப்பா
தாயத்தை மட்டும்
உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

ஊசி இல்லாமல் பாருங்கள் என்றார் டாக்டர்.
ஊசி என்றால் அழுவாள்,
அழுதால் மூச்சு இரைக்கும்,
இரைத்தால் அந்தக் கை மறுபடி விழும்.
பதினாறு வருஷமாய்
தர்மபுரிப் பிள்ளைகள் எல்லாரிடமும்
அழாதே அழாதே என்று
வாய்ப்பழக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.
இன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது.

முதல் சத்தம் ஓய்ந்ததும் மைக்கில் குரல்:
"அக்கா, உள்ள போர் போடுறாங்களா?"
ஆமா கண்ணு, போர்தான்.
நீ அசைஞ்சா குழாய் கோணிக்கும்.
ஆறு நிமிஷம்
பாறையாய்க் கிடந்தாள்.

சாயம் ஏற்றவில்லை.
ஓடும் ரத்தம் வெள்ளை, நிற்பது கருப்பு,
அவ்வளவுதான் இந்தப் படத்தின் கணக்கு.
இடப்பக்கம் சரியாக ஓடியது.
வலப்பக்கம்
கழுத்திலிருந்து ஏறி வந்தது
கண்ணுக்குப் பின்னால் குறுகி
நூலாகி
இல்லை.
கிளை பிரியவேண்டிய இடத்தில்
புகை மாதிரி ஒன்று.
வழி அடைபட்ட ரத்தம்
சந்து சந்தாய் நுழைந்து பார்த்த தடம்.
எத்தனை நாளாய், யாருக்கும் சொல்லாமல்.

வெளியே அவள் அப்பா
வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
"ஆயிரத்து நூறு அடிங்க.
வெறும் புகைதான் வந்துச்சு.
வண்டிக்காரன் காசை எண்ணிக்கிட்டுப் போயிட்டான்."

என்னைக் கண்டதும் எழுந்தார்.
"ஏதாச்சும் தெரியுதுங்களா?"
டாக்டர் சொல்வார், நாளைக்குப் பதினோரு மணிக்கு.
நான் படம் எடுப்பவள், படிப்பவள் இல்லை.
இதைச் சொல்லும்போது
கண்ணைப் பார்க்காமல் இருக்கக் கற்றிருக்கிறேன்.

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினால்
பெஞ்சில் யுவஸ்ரீ,
இரண்டு கையிலும் பால் டம்ளர்,
ஆவி பறக்கிறது,
உதடு குவிகிறது.

ஊதாதே!

நடைபாதை முழுக்கக் கேட்டது என் குரல்.
அவள் உதடு குவிந்தபடியே நின்றது.
அப்பாவின் கை பையிலிருந்து வெளியே வந்தது,
இன்னும் மூடியபடி.
நாளைக்குப் பதினோரு மணிக்கு வரவேண்டியதை
நானே சொல்லிவிட்டேன்.

டம்ளரை வாங்கி
இன்னொரு டம்ளர் கேட்டு
ஆற்றத் தொடங்கினேன்.
மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே,
நீளமாய், அறுந்துவிடாமல்,
வெள்ளையாக.