நூற்றுப் பதினேழாம் பிளாக்

பர்கூர் தாண்டி, ஜெகதேவி சாலையில்
கல் அறுக்கும் கம்பெனி.
எனக்கு அங்கே வேலை குறை காண்பது.

அறுத்த கல்மேல் தண்ணீரை ஊற்றினால்
மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும்
விரிசல் மட்டும் ஈரமாய் நிற்கும்.
அது காய்வதற்குள்
சிவப்புப் பெயிண்டைத் தொட வேண்டும்.
கறுப்புத் திட்டுக்கு வட்டம்.
மயிர்க்கோட்டுக்கு அம்பு.
எதற்கும் தேறாத கல்லுக்கு
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
ஒரு பெருக்கல் குறி,
அதன் காலடியில் 'கெ'.
கெம்பம்மா என்று முழுசாய் எழுத
யாருக்கு நேரம்?
எங்கள் வீட்டுக் கன்னடத்தில்
கெம்பு என்றால் சிவப்புதான், போகட்டும்.

சித்திரை வெயிலில் கனெதா வந்தார்.
ஜப்பானுக்கு எங்கள் கல் புதிதில்லை;
அவர்கள் சமாதிகளுக்கு
முகம் தெரியும்படி பாலிஷ் ஏற்றி
எத்தனையோ கண்டெய்னர் அனுப்பியாயிற்று.
மேனேஜர் முனிவெங்கடப்பா
முதல் தரத்தை வரிசையாய்க் காட்டினார்.
இவர் தலையாட்டிக்கொண்டே நடந்து நடந்து
பின்வேலியில் ஆவாரம் புதருக்குள் கிடந்த
நூற்றுப் பதினேழின் முன்னால் நின்றுவிட்டார்.
ஒரு தோள் பெயர்ந்த கல்.
துளைபோட்ட தடம் விலாவில் பல்வரிசை மாதிரி.
நடுவே என் பெருக்கல்.

இது, என்றார்.
பாலிஷ்? வேண்டாம்.
உருவம் ஏதாவது? வேண்டாம்.
அந்தச் சிவப்பை ஆசிட் விட்டுக் கழுவித் தர்றோம் சார்.
அதுவரை மெல்லப் பேசிய மனிதர்
அப்போதுதான் கத்தினார்.

இதை வைத்து என்ன செய்வாராம்?
நிற்க வைப்பாராம், என்றான் மொழிபெயர்த்த பையன்.
அன்றைக்கு நைட் ஷிப்டில் சிரித்த சிரிப்பில்
டீ ஆறிப்போயிற்று.
நானும்தான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் என்னையும் ஏற்றினார்கள்,
மல்லப்பாடிக் குன்றுக்கு வழி தெரியும் என்பதால்.
பாறை மடிப்பில் வெள்ளைக் குதிரைகள்,
மேலே ஆட்கள், குச்சி குச்சியாய்.
ஒருத்தன் கையிலிருந்த ஈட்டி வரைந்தது இல்லை,
பாறையின் விரிசல்.
வரைந்தவன் கையை அங்கே கொண்டுபோய்
முடித்திருக்கிறான்.
எனக்கு அப்படித்தான் தெரிந்தது.
நானாயிருந்தால் அங்கே அம்பு போட்டிருப்பேன்.

கிருஷ்ணகிரி மியூசியத்தில் நடுகற்கள்.
தொறு மீட்டுப் பட்டவன், என்று
காவலாளி ஒரு வரியை விரலால் தடவிப் படித்தார்.
மீசை, வில், இடுப்பில் கத்தி.
கனெதா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுக்
கல்லுக்குப் பின்னால் போனார்.
அங்கே ஒன்றுமில்லை.
உளி படாத வெறும் முதுகு.
அதைத்தான் கால்மணி நேரம் பார்த்தார்.
காவலாளி என்னைப் பார்த்தார்.

அதியமான்கோட்டையில் நேர்மாறு.
விதானத்தில் விரலகலம் கல் தெரிந்துவிடக் கூடாதென்று
பூசிப் பூசி வரைந்திருக்கிறார்கள்.
காவி, பச்சை, புகையேறிய கண்கள்.
கழுத்து வலித்து இவர் தரையிலேயே மல்லாந்தார்.
வௌவால் நாற்றம்.
ஒரு தும்மல் போட்டார்,
கோயில் முழுக்கக் கேட்டது.

கல் கப்பலேறியது.
ஐப்பசியில் மேனேஜர் போனுக்குப் படம் வந்தது.
ஏதோ தோட்டம், கூழாங்கல் தரை.
நிற்க வைத்திருக்கிறார், சொன்னபடியே.
குடை மடக்கிய ஜனங்கள் சுற்றிலும்
பேசாமல் நிற்கிறார்கள்.
"பெருக்கல் போட்டதுக்குப் போய்
இவ்வளவு காசா கெம்பம்மா,
எல்லாத்துக்கும் போட்டுடு இனிமே,"
என்றார் முனிவெங்கடப்பா.

நான் படத்தைப் பெரிதாக்கினேன்.
மழை விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்,
கல் காய்ந்திருந்தது.
என் குறியின் இடதுகால் ஓரம்
ஒரு கோடு மட்டும் காயவில்லை.
எட்டு மாதம் இங்கே கிடந்தும்
என் கண்ணுக்குத் தப்பியது.

கையில் பெயிண்ட் இல்லை.
போன் கண்ணாடியில் விரலால்
ஒரு அம்பு போட்டேன்.
படம் நகர்ந்து
மேனேஜரின் பேத்தி பிறந்தநாள் வந்தது.