ரெண்டு பட்டியலிலும்

செக்காலை ரோட்டில் இரவு பத்தரை.
கல் காய்ந்து கிடக்கிறது.
நான் மாவை அடித்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்றாவது மேசையில் பேச்சு முற்றிவிட்டது:
கல்லல் சாத்தையாவா, தேவகோட்டை அருளப்பனா?

இருவரும் ஒருவரோடொருவர் மோதியதே இல்லை.
நாள் குறித்த வருஷம் ஒருவனுக்கு மணிக்கட்டு முறிந்தது;
அடுத்த வருஷம் மற்றவன்
சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போய்விட்டான்.
நடக்காத அந்தச் சண்டையை
இருபத்திரண்டு வருஷமாக
சால்னாவுக்கு மேலே நடத்துகிறார்கள்.

"உங்காளு யாரை அடிச்சான், சொல்லு?
ரயில்வே ஞானதுரையை. எப்ப?
தோள்பட்டை இறங்கி, விசில் ஊதப் போன பிறகு.
செத்த பாம்பை அடிக்க எவனுக்கு வராது!"

"சாத்தையா அடிச்ச பதினோரு பேருல
நாலு பேரு ஊர்க்காவல் படை.
ஒருத்தன் பேண்டு வாத்தியக்காரன்,
இடது கையுறையை வலதுல மாட்டிட்டு வந்தவன்."

வெங்காயம் நறுக்கும் பையன் சிரிக்கிறான்.
நான் உருண்டையை வீசுகிறேன்.
அது காற்றில் விரிந்து,
தனக்குப் பின்னால் இருக்கும் குழல்விளக்கைக் காட்டிவிட்டு
மேசையில் விழுந்து சுருங்குகிறது.

அப்போதுதான் என் பெயர் வந்தது.

"சேவுகன்னு ஒருத்தன் இருந்தானே, சிங்கம்புணரிப் பக்கம்.
சாத்தையா அவனை ரெண்டாம் ரவுண்டுலயே படுக்க வச்சான்.
உங்க அருளப்பன்?
மூணு ரவுண்டும் கட்டிப் புரண்டு
புள்ளிக் கணக்குல தப்பிச்சான்."

"சேவுகனா? அவன் ஒரு மாவு மூட்டை.
அவனை விழத்தட்டுனது ஒரு பெருமையா?"

"மாவு மூட்டையை விழத்தட்டத் தெரியாதவனைத்தானே
நீ தலையில வச்சு ஆடுறே?"

ஒரு விள்ளல் மெல்லும் நேரம் சத்தமில்லை.
பிறகு மாவு மூட்டை என்ற அதே வாய்
சேவுகனைப் புலியாக்கியது:
"அருளப்பன்கிட்ட வந்தப்ப அவன் வேற ஆளுப்பா.
நெஞ்சு என்னா அகலம்!"

அந்த நெஞ்சு
அவன் தட்டுக்கு நாலடி தூரத்தில்
பனியனுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

சொல்லவா?
அந்த எடைப் பிரிவுக்கே நான் ஆளில்லை.
எண்பத்தொன்று தாண்ட வேண்டும், எழுபத்தாறுதான் இருந்தேன்.
சாத்தையாவுக்கு எதிராள் கிடைக்கவில்லையென்று
சிவகங்கையில் நாலு சொம்பு தண்ணீர் குடிக்கவைத்து
இடுப்புத் துண்டுக்குள் ரெண்டு படிக்கல்லும் கட்டி
தராசில் ஏற்றினார்கள்.
முதல் ரவுண்டு முழுக்க
வயிற்றுக்குள் கண்மாய் தளும்பியது எனக்கே கேட்டது.
ரெண்டாவதில் ஒரு குத்து.
அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
கண் விழித்தபோது யாரோ சோடா உடைத்துக்கொண்டிருந்தார்.

அருளப்பனோடு மோதியது பதினாலு மாதம் கழித்து.
அதற்குள் ஆத்தங்குடியில் பூக்கல் பெட்டி சுமந்து
நிஜமாகவே எண்பத்து நாலு ஆகியிருந்தேன்.
அவன் குத்து அத்தனையும் நினைவிருக்கிறது.
மார்கழியில் இடது விலா இன்னும்
ஒவ்வொன்றாய் எண்ணிக் காட்டும்.

நினைவில்லாத ஒன்றையும்
மறக்காத நாற்பதையும்
எந்தத் தராசில் வைக்க?
அந்தப் படிக்கற்களை அன்றைக்கே
மளிகைக் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க,
ரெண்டு பேருல யாரு நல்ல ஆளுகளை அடிச்சது?"

கல்லிலிருந்து எட்டை எடுத்து அடுக்கி
இரண்டு பக்கமும் ஓங்கித் தட்டினேன்.
அதற்குள் மனசில் ஒரு கணக்கு முடிந்திருந்தது.
நான் மோதியது மொத்தம் நாலு பேரோடு. நாலிலும் தோல்வி.
ஆனால் அதில் ஒருவன் சாத்தையா, ஒருவன் அருளப்பன்.
எதிராளியின் தரம்தான் அளவென்றால்
இந்த மாவட்டத்தில்
என்னை மிஞ்ச ஒருத்தன் இல்லை.

"அடி வாங்குனவன்கிட்டக் கேளுங்கப்பா" என்றேன்.

"அவனை எங்க போய்த் தேடுறது மாஸ்டர்,
செத்தே போயிருப்பான்.
இன்னுங்கொஞ்சம் சால்னா."

மாவு மூட்டை என்றவனுக்கு
எலும்பாய்ப் பார்த்து ஊற்றினேன்.