கடைசி வண்டி

புறப்படுமுன் பெட்ரோல் பங்கில்
லைல் சுருக்கமாகத்தான் பேசினார்:
ஒருவர் இடத்தடம், அடுத்தவர் வலத்தடம்.
வளைவில் ஒற்றை வரிசை. இரண்டு நொடி இடைவெளி.
யாரும் யாரையும் துரத்த வேண்டாம்.
கோல்பி அப்போது
புதுக் கையுறையின் விலைச்சீட்டைப்
பல்லால் பிய்த்துக்கொண்டிருந்தான்.

விஸ்கான்சினின் மேற்கோரம்.
ஆதிப் பனிப்பாறைகள் தேய்க்காமல் விட்டுப்போன மலைமடிப்பு.
செப்டம்பர். ஆளை மறைக்கும் மக்காச்சோளம்.
ஒவ்வொரு வளைவும் கதவு சாத்திய வீடு:
உள்ளே பால் லாரி இருக்கலாம்,
ஆமிஷ்காரரின் குதிரைவண்டி இருக்கலாம்,
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆறு வண்டிகளில் என்னுடையது கடைசி.
என் கண்ணாடியில் விளக்கு கிடையாது,
வந்த சாலைதான் சுருண்டு சுருண்டு பின்வாங்கும்.
நான் படிப்பதெல்லாம் முதுகுகள்.
மாடு கறக்க நாலு மணிக்கே எழுந்த மார்லா
தளர்ந்துதான் உட்கார்ந்திருப்பாள்,
ஆனாலும் வளைவுக்கு வெகு முன்பே கியர் இறங்கிவிடும்.
டூ வாங் முதலில் தாடையைத் திருப்புவான்,
பிறகே தோள் சாயும்.
கோல்பியின் முதுகு
இரவல் சட்டைக்குள் நிற்பவன் போல விறைத்திருந்தது.

கிக்காப்பூ ஆற்றுப் பாலம் தாண்டி, வலப்பக்க வளைவில்
லைலின் வலது கால் கீழே இறங்கியது: சரளை.
பின் மார்லாவின் கால்.
வெர்னாவின் கால். டூ வாங்கின் கால்.
ஒரு சொல்லும் இல்லாமல்
செய்தி கால்வழியே நடந்து வந்தது.
கோல்பியிடம் வந்து நின்றுபோனது.

அவன் சாலையைப் பார்க்கவில்லை,
டூ வாங்கின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
முன்னேர் போன வழியே பின்னேர் என்பது
உழவுக்குச் சரி.
இங்கே ஆளுக்கொரு ஏர், ஆளுக்கொரு சால்.

வளைவு அவனுக்கு மட்டும் நீண்டுகொண்டே போனது.
சாய்க்க வேண்டிய இடத்தில் பிரேக்கைப் பிடித்தான்.
வண்டி நிமிர்ந்து மஞ்சள் கோட்டைக் கடந்தது.
எதிரே லாரி வரவில்லை.
இதைத் திறமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.
சோளக்காடு வாய் திறந்து வாங்கிக்கொண்டது.

அதன்பின் முன்னால் நடந்ததைப் பிறகுதான் கேட்டேன்:
டூ வாங்கின் கண்ணாடியில் ஒரு விளக்கு காணோம்,
வேகம் குறைத்தான்.
வெர்னாவின் கண்ணாடியில் டூ வாங் சிறுத்தான்,
அவளும் குறைத்தாள். பிறகு மார்லா.
காலால் வந்த செய்தி
வெளிச்சத்தால் திரும்பிப் போனது.
ஒரு மைல் தள்ளி, குறுக்குச் சாலையில்,
யாரும் கூப்பிடாமலே லைல் நின்றார்.

என் வண்டியை ஓரங்கட்டி, விளக்கைச் சிமிட்டவிட்டு
சோளத்துக்குள் ஓடினேன்.
"வண்டி?" என்றான் முதலில்.
கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது.
ஹெல்மெட்டின் காற்றுத்துளையில் சோளப் பட்டுநூல்.
"எல்லாரும் போன வேகத்தில்தானே போனேன்."

அது அவர்களுடைய வேகம் என்று
சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன்.
தட்டை முறிந்த இடைவெளி வழியே சாலை தெரிந்தது,
அதில் என் டயரின் தடமும் தெரிந்தது.
மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம்
முக்கால் அடி.
பதினெட்டு வருடமாக ஓட்டுகிறேன்.
அந்த வளைவில் நான் பார்த்ததும்
ஒரே ஒரு முதுகைத்தான்.

வாயை மூடிக்கொண்டு
அவன் கையுறையைக் கழற்ற உதவினேன்.
விலைச்சீட்டின் நூல் இன்னும்
மணிக்கட்டோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

லைல் வந்தார்.
சோளத்துக்குள் இறங்குமுன் சாலையில் குனிந்து
கருங்கோடுகளை எண்ணினார்.
இரண்டு.