நான்கரை அங்குலம்

என் பெயரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்,
பன்னிரண்டு பக்கங்களிலும்.
நாயின் வால் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.
மூன்றாம் பக்கப் புகைப்படத்தின் இடது மூலையில்
இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது
எங்கள் முஸ்தியின் வால்.

விலை ஒன்பது டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட்.
"அடுக்குக் கட்டில். எந்த அப்பாவும்
ஒரே வார இறுதியில் செய்து முடிக்கலாம்."
அப்பாவாம்.

நான் தண்டர் பேயில்
பேருந்துப் பணிமனையில் இரவு வேலை பார்ப்பவள்.
ஏரி உறைந்து கிடந்த ஜனவரியில்,
வாயைத் திறந்தால் பல் கூசும் குளிரில்,
கராஜில் ஹீட்டரைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு
பைன் பலகை அறுத்தேன்.
இரட்டையருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
அறுத்து முடித்தபின் வரைந்தேன்.
திருகாணி ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி.
இலவசம் என்று எழுதினேன்,
தயவுசெய்து விற்காதீர்கள் என்றும்.
அடியில் அய்லி கொஸ்கெலா.

மார்ச்சில் ஒரு விடுமுறை இரவு
எலியாஸ் தூக்கத்தில் உருண்டான்.
காப்புச் சட்டங்களின் இடைவெளியில்
கால் நழுவியது, இடுப்பு நழுவியது, மார்பும்.
தலை நழுவவில்லை.

கீழ்க்கட்டிலில் இருந்த சாரா எழுந்து நின்று
தம்பியின் பாதங்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு
என்னை அழைத்தாள்.
அம்மா என்றல்ல, அய்லி என்று.
ஐந்து வயதுக்காரிக்கு
எந்தப் பெயர் சுவரைத் தாண்டும் என்று தெரிந்திருந்தது.

அவன் காதுக்கு இரண்டு விரல் தள்ளி
ரம்பத்தை வைத்தேன்.
அந்தச் சட்டத்தை அறுத்தபோது கை நடுங்கவில்லை.
பிறகு நடுங்கியது, விடியும்வரை.
நடுங்கும் கையாலேயே ஏழாம் பக்கத்தைத் திருத்தினேன்.
நான்கரையை அடித்து, மூன்றேகால்.
பழைய வரைபடத்தைக் கிழித்தெறிந்து
புதியதை வைத்தேன்.

ஆனால் திருடியவர்கள்
பிப்ரவரியிலேயே திருடியிருந்தார்கள்.
விற்பனையானவை: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

பணத்தைப் பற்றி நினைக்கவில்லை என்றால் பொய்.
கொதிகலன் பழுதுக்கு ஆயிரத்து நானூறு கேட்கிறார்கள்.
பெருக்கிப் பார்த்தேன். மூடி வைத்தேன்.
மறுபடி பெருக்கிப் பார்த்தேன்.

சந்தைக்காரர்களுக்கு எழுதினேன்.
உரிமைச் சான்று கேட்டார்கள்,
நாற்பத்தைந்து வேலை நாட்கள் என்றார்கள்.
நாயின் வால் சான்றாகுமா என்று
கேட்கத்தான் நினைத்தேன்.

வாங்கியவர் மட்டுமே கருத்து எழுதலாம் என்பது விதி.
ஆகவே
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பதாவது ஆளாக
நானே என்னை வாங்கினேன்.
ஐந்து நட்சத்திரம் போட்டேன்.
ஒன்று போட்டால் அடியில் அமிழ்ந்துபோகும்,
யாரும் படிக்கமாட்டார்கள்.

"அழகான கட்டில்.
ஏழாம் பக்கத்து அளவு தவறு.
நான்கரையை மூன்றேகால் ஆக்குங்கள்.
இன்றைக்கே, குழந்தை தூங்கப்போகும் முன்."

விற்பவர் பதில் போட்டார்:
"அன்பு வாடிக்கையாளரே, மிக்க நன்றி!"
கூடவே ஒரு சிவப்பு இதயம்.

வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வந்தது.
மேம்படுத்தப்பட்ட பாதுகாப்பு,
பன்னிரண்டு தொண்ணூற்றொன்பது.
ஏழாம் பக்கத்தில் மூன்றேகால், சரியாக.
மூன்றாம் பக்கத்தில்
இந்த முறை வாலையும் வெட்டியிருந்தார்கள்.

பழையதை வாங்கியவர்களுக்கு
யாரும் சொல்லி அனுப்பவில்லை.
என் வரிகளுக்குக் கீழே ஒரே ஒருவர்,
விஸ்கான்சின்காரர், எழுதியிருந்தார்:
"இப்போதுதான் அளந்தேன். நான்கரை.
மெத்தையை இறக்கித் தரையில் போட்டுவிட்டேன்.
மகள் விழிக்கவே இல்லை."

பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்திருக்கிறேன்.
மணி மூன்று.
எங்கெங்கோ மேல்கட்டில்களில்
யாரோ புரண்டு படுக்கிறார்கள்.